காங்கோ கட்டுரை எழுதாத நாட்கள்

மே 9, 2025, வெள்ளி

வளம் இருந்தும் காங்கோ ஏன் ஏழை என்று நான் எழுத ஒப்புக்கொண்ட கட்டுரை என்ன ஆயிற்று என்று பத்திரிகை ஆசிரியர் மறுபடி கேட்டார். மாதக் கடைசிக்குள் அனுப்பிவிடுகிறேன் என்று சொல்லி வைத்த கையோடு தம்பியின் அழைப்பு. "அக்கா, தீர்ப்பு வந்துருச்சு. ஜூன் ஒண்ணாம் தேதிலேர்ந்து கேம்பை இடிக்கலாம்னு ஹைகோர்ட் சொல்லிருச்சாம்."

போன வருஷத்திலிருந்தே நோட்டீஸ், வக்கீல், அடுத்த தேதி என்று இழுத்துக்கொண்டிருந்த விஷயம். இழுத்துக்கொண்டே இருக்கும் என்று எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை. அம்மா என்ன சொல்கிறாள் என்று கேட்டேன்.

"அதுக்குத் தெரியாது. கோட்டிக்குப் போயிருக்குது." கோட்டி என்றால் அம்மா வேலை செய்கிற பங்களா வீடு.

மே 11, ஞாயிறு

டெல்லியில் நான் இருக்கும் மயூர் விஹாரிலிருந்து ஆட்டோ பிடித்துப் போனேன். மதராசி கேம்ப் எங்கே என்று கேட்டால் ஜங்புராவில் பாதிப் பேருக்குத் தெரியாது. அங்கிருந்து வந்து பாத்திரம் தேய்ப்பவளைத் தெரியும். விழுப்புரம், கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து ரயிலேறி வந்தவர்கள் நிஜாமுதீன் ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே, பாராபுல்லா நாலா என்கிற சாக்கடைக் கால்வாயின் கரையில், கிடைத்த இடத்தில் குடிசை போட்டு அறுபது வருஷம் ஆகிறது. நான் பிறந்தது அங்கேதான். கல்யாணம் ஆகும்வரை நிஜாமுதீனில் வண்டி நிற்கிற சத்தம் இல்லாமல் தூங்கியதில்லை.

தம்பி மடியில் ஒரு பிளாஸ்டிக் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, கரண்ட் பில், பள்ளிச் சான்றிதழ் எல்லாம் அதற்குள். மொத்தம் 370 வீடுகளில் 215 'எலிஜிபிள்', 155 இல்லை. இந்த ஆங்கிலச் சொல் இப்போது கேம்பில் குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். "நீங்க எலிஜிபிளா?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்கிறார்கள்.

கணக்கு இப்படி. டெல்லியின் 2015-ஆம் வருஷத்து மறுவாழ்வுக் கொள்கைப்படி, 2015 ஜனவரி 1-க்கு முன்பே குடிசை இருந்திருக்க வேண்டும். வாக்காளர் பட்டியலில் பெயர் வேண்டும். இன்னும் சில தாள்கள் வேண்டும். மாடியில் தனிக் குடித்தனம் என்றால், அந்தத் தேதிக்கு முன் வாங்கிய தனி ரேஷன் கார்டு வேண்டும். கீழே இருக்கும் அம்மா எலிஜிபிள். மேலே இருக்கும் தம்பி, அவன் மனைவி, பெண் ஆகிய மூன்று பேரும் இல்லை. 2014-இல் ஒரே அடுப்பு, ஒரே கார்டு. ஒற்றுமையாக இருந்ததற்கு இந்தத் தண்டனை என்று தம்பி சிரித்தான். அவன் மனைவி சிரிக்கவில்லை.

அம்மாவுக்குக் கிடைப்பது நரேலாவில் ஒரு ஃபிளாட். சும்மா அல்ல. 1,12,000 ரூபாய் வீட்டுக்கு, 30,000 பராமரிப்புக்கு. மூன்று கோட்டியில் வேலை செய்கிறவளுக்கு லோன் போட்டுத் தருவார்களாம்.

"அறுபத்திரண்டு வயசுல கடன்காரி ஆக்கறாங்க" என்றாள் அம்மா. அவ்வளவுதான் சொன்னாள். பிறகு எனக்குக் கருவாட்டுக் குழம்பு ஊற்றினாள்.

மே 14

இந்த வாரம் கேம்ப் குழாயடியில் சண்டையே இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

மே 18, ஞாயிறு

அம்மாவைக் கூட்டிக்கொண்டு நரேலா போய் வந்தேன். டெல்லியின் வடமேற்கு ஓரம். அங்கிருந்து ஹரியானா கூப்பிடு தூரம். கேம்பிலிருந்து நாற்பது கிலோமீட்டர் என்று எல்லோரும் சொல்கிறார்கள். கிலோமீட்டரில் சொன்னால் ஒன்றும் விளங்காது. காஷ்மீரி கேட்டில் பஸ் மாறி, அதற்கப்புறம் ஷேர் ஆட்டோ ஏறி, வீட்டு வாசலில் இறங்கும்போது காலையில் அம்மா வைத்த குங்குமப் பொட்டு வியர்வையில் கரைந்து மூக்கு வரை வந்திருந்தது. பெண்களுக்குப் பிங்க் டிக்கெட், காசு கிடையாது. அம்மா அதைக் கிழியாமல் மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள். எதற்கு என்று கேட்டதற்கு, "இருக்கட்டும். கேட்டாங்கன்னா காட்டலாம்" என்றாள். தாள்களின் மேல் அவளுக்கு இப்போது தனி மரியாதை வந்துவிட்டது.

நாலாவது மாடி. இரண்டு சின்ன அறை, சமைக்க ஒரு மூலை, குளியலறை, கக்கூஸ். படிக்கட்டுச் சுவரில் வெற்றிலை எச்சில். குழாயைத் திறந்தால் காற்று வந்தது. வசதிகளையெல்லாம் செய்து முடித்துத்தான் வீட்டைக் கொடுக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. செய்வார்களாக இருக்கும்.

அம்மா ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். தண்ணீர் இல்லாத இடத்தில் என்ன செய்கிறாள் என்று நான் வெளியே நின்றேன். ரொம்ப நேரம் வரவில்லை. கதவைத் தட்டினேன். "இரும்மா" என்றாள். வந்த பிறகு, "தாப்பா கெட்டியா இருக்குது" என்றாள். கேம்பில் பொதுக் கழிப்பறைக்கு விடியுமுன் வரிசை கட்டிப் போனவள். இருட்டில் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி எழுப்பிக்கொண்டு கூட்டமாகப் போவோம். கேம்பைப் பற்றி உருகி எழுதுகிறவர்கள் யாரும் அந்த வரிசையில் நின்றிருக்க மாட்டார்கள்.

கீழே தள்ளுவண்டியில் தக்காளி விற்ற பெண்மணி வேறொரு குடிசைப் பகுதியிலிருந்து இங்கே அனுப்பப்பட்டவர். வீட்டு வேலை கிடைக்குமா என்று அம்மா தன் இந்தியில் கேட்டாள். இங்கே எல்லோருமே வீட்டு வேலை செய்கிறவர்கள்தான், யார் வீட்டில் யார் செய்வது என்று அவர் திருப்பிக் கேட்டார். தொழிற்பேட்டையில் செருப்புக் கம்பெனிகள் இருக்கின்றன. பேக்கிங்குக்கு ஆள் எடுப்பார்கள், ஆனால் இளசாக இருக்க வேண்டும். மெட்ரோ வரப்போகிறது என்றும் சொன்னார். உண்மைதான். ரிதாலாவிலிருந்து நரேலா வழியாகக் குண்ட்லி வரைக்குமான பாதைக்குப் போன டிசம்பரில்தான் அனுமதி கொடுத்தார்கள். அது முடிகிறபோது அம்மாவுக்கு எழுபது ஆகலாம்.

திரும்பும் பஸ்ஸில் அவள் கணக்குப் போட்டாள். முதல் கோட்டியில் ஆறரைக்கு டீ. ஆறரைக்கு ஜங்புராவில் நிற்க வேண்டுமென்றால் நரேலாவில் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்? அந்த நேரத்துக்குப் பஸ் உண்டா? கண்டக்டரைக் கேட்டாள். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார்.

மே 20

காங்கோ: ஒரு பக்கம் எழுதினேன். படித்துப் பார்த்துவிட்டு அழித்தேன். எல்லாம் புள்ளிவிவரம்.

மே 25, ஞாயிறு

ராத்திரி பேய்மழை, புயற்காற்று. காலையில் ஊர் முழுக்கத் தண்ணீர். தம்பி அனுப்பிய வீடியோவில் நாலாத் தண்ணீர் வீட்டுக்குள் வந்து அரிசி டின்னைச் சுற்றிக் கருப்பாக நிற்கிறது.

நீதிமன்றம் சொல்கிற காரணமும் இதுதான். நாலாவை அடைத்துக்கொண்டு வீடுகள் நிற்கின்றன, தூர்வார இயந்திரம் போக வழியில்லை, மழைக்காலத்தில் சுற்றியுள்ள பகுதிகள் மூழ்குகின்றன. அதில் பொய் இல்லை. சின்ன வயதில் மழை நாளில் கட்டிலுக்குக் கீழே செங்கல் வைத்து உயர்த்தி அதன் மேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியிருக்கிறேன். நாலாவைச் சுத்தம் செய்யட்டும்.

ஆனால் அதே நாலாவின் மீதுதான் 2010 காமன்வெல்த் விளையாட்டுக்காகக் கட்டிய மேம்பாலச் சாலை போகிறது. சரித்திரக்காரர்களுக்காக ஒரு பாலம் தனியாக இருக்கிறது. ஜஹாங்கீர் காலத்துக் கற்பாலம், பன்னிரண்டு தூண். நாலாவுக்குப் பாராபுல்லா என்ற பெயர் அதனால்தான். ஆக, அதற்குக் குறுக்கே பாதுஷா கட்டினால் புராதனம், சர்க்கார் கட்டினால் வளர்ச்சி, முருங்கைக்காய் விற்கிறவர் கட்டினால் ஆக்கிரமிப்பு. கோபத்தில் எழுதுகிறேன். இருக்கட்டும், நாட்குறிப்புதானே.

மே 31, சனி

டெம்போக்காரர்கள் வாடகையை ஏற்றிவிட்டார்கள். தம்பி ஆசிரமம் என்கிற பகுதியில் ஒரே ஓர் அறை வாடகைக்குப் பிடித்திருக்கிறான். மூன்றாவது மாடி, ஜன்னல் கிடையாது. அம்மாவின் பீரோ அங்கே ஏறவில்லை, நரேலாவுக்கு அனுப்பினோம். ஆக, அம்மாவின் துணி நரேலாவில், அம்மா ஆசிரமத்தில். எதிர்வீட்டுப் பெரியம்மா பட்டியலில் இல்லை. மகள் வீட்டுக்கு ஃபரீதாபாத் போகிறார். போகும்போது வாசலில் இருந்த துளசியை அம்மாவிடம் கொடுத்தார். இவள் அதை எங்கே வைப்பாள்? டெம்போ டிரைவரிடம் கொடுத்துவிட்டாள். அவர் வாங்கிக்கொண்டார்.

தம்பி மகள் கேட்டாள்: "அத்தை, ஸ்கூல் மாறணுமா?"

ஜூன் 1, ஞாயிறு

இடித்துவிட்டார்கள். காலையிலேயே போலீஸ், தடுப்பு, புல்டோசர். நான் ஜங்புராவை ஒட்டிய போகலில், தெருமுனையில் நின்றேன். அதற்கு மேல் விடவில்லை.

அம்மா இன்றைக்கும் கோட்டிக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டில் விருந்தாளிகள்.

ஜூன் 4

ஊருக்குத் திரும்ப விரும்புகிறவர்களுக்கு வாழ்வாதாரம் உட்பட எல்லா உதவியும் செய்வோம், மாவட்ட ஆட்சியர்கள் மூலமாக அணுகலாம் என்று தமிழ்நாடு முதலமைச்சர் சொல்லியிருக்கிறார். நல்ல மனசோடுதான் சொல்கிறார். நிஜாமுதீனிலிருந்து திருக்குறள் எக்ஸ்பிரஸ் ஏறினால் விழுப்புரத்தில் இறங்கலாம். இறங்கி?

அம்மாவின் அண்ணன், என் பெரிய மாமா, கடலூர் மாவட்டத்தில் வளையமாதேவிக்குப் பக்கத்தில் இருக்கிறார். போனில் அம்மாவை வந்துவிடச் சொன்னார். அவர் ஊர்ப்பக்கம் 2023 ஜூலையில் என்ன நடந்தது என்பதை டிவியில் பார்த்தோம். நெய்வேலிச் சுரங்க விரிவாக்கத்துக்கு வாய்க்கால் வெட்ட, பச்சை நெற்பயிர் நிற்கிற வயலில் இயந்திரத்தை இறக்கினார்கள். பயிர் அழிவதைப் பார்த்து நீதிபதியே வருத்தப்பட்டார். முப்பதுகளில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு தோண்டப் போய்ப் பழுப்பு நிலக்கரி வந்த மண் அது. அறுபது வருஷத்துக்கு மேலாக அந்தக் கரி எத்தனையோ ஊருக்கு விளக்கு ஏற்றியிருக்கிறது. நிலம் கொடுத்த வீட்டுப் பிள்ளைகள் நிரந்தர வேலை கேட்டு இன்னும் வாசலில் நிற்கிறார்கள்.

அம்மா மாமாவிடம் சொன்னது: "அண்ணே, அங்க வந்தா நான் யாரு வூட்டுல வேலை செய்யறது?"

ஜூன் 22, ஞாயிறு

கோபால்ட் ஏற்றுமதிக்குப் போட்ட தடையைக் காங்கோ இன்னும் மூன்று மாதம் நீட்டித்துவிட்டது. பிப்ரவரியில் நாலு மாதத்துக்கென்று ஆரம்பித்தது. சந்தையில் கோபால்ட் குவிந்து விலை படுத்துவிட்டதால் வெளியே விடாமல் பிடித்து வைக்கிறார்கள். உலகத்துக் கோபால்ட்டில் எழுபது சதவீதத்துக்கு மேல் அந்த ஒரு நாட்டிலிருந்து. என் போன் பேட்டரியில் கொஞ்சம் இருக்கும். உலக வங்கிக் கணக்குப்படி 2024-இல் அந்நாட்டு மக்களில் ஏறத்தாழ நாலில் மூன்று பேர் நாளொன்றுக்கு 2.15 டாலருக்கும் குறைவாகப் பிழைத்தவர்கள்.

இதைத்தான் மே மாதம் முழுக்க எழுதி எழுதி அழித்தேன். காரணம் தேடினால் பக்கம் பக்கமாக வருகிறது. பெல்ஜிய ராஜா லியோபோல்ட் ரப்பருக்காக வெட்டிய கைகள், மொபுடுவின் மூன்று பத்தாண்டுக் கொள்ளை, கிழக்கில் ஓயாத சண்டை. எல்லாம் சரி. ஆனால் இன்று கோல்வேசி நகரத்தைப் பற்றி ஆம்னஸ்டி 2023-இல் வெளியிட்ட அறிக்கையை மறுபடி எடுத்தேன். சிட்டே ஜெகமின் என்று ஒரு பகுதி. அரசின் சுரங்க நிறுவனம் தன் தொழிலாளர்களுக்காகக் கட்டியது. தலைமுறைகளாகக் குடும்பங்கள். அடியில் செம்பும் கோபால்ட்டும் இருக்கிறது. 2015-க்குப் பிறகு சுரங்கம் விரிய விரிய வீடுகள் போகின்றன. வீட்டுச் சுவரில் சிவப்புச் சிலுவை போட்டிருந்தால் அது இடிபடப் போகிறது என்று அர்த்தம். நஷ்ட ஈடு கொடுக்கிறார்கள், அதே மாதிரி வீடு வாங்கப் போதாமல். போய்ச் சேர்கிற நகர ஓரத்தில் குழாயும் இல்லை, ஒழுங்கான மின்சாரமும் இல்லை.

மின்சாரம் என்றதும் இன்னொன்று. காங்கோ ஆற்றின் இங்கா அணையிலிருந்து கோல்வேசிக்கு 1,700 கிலோமீட்டருக்கு ஓர் உயரழுத்தக் கம்பி போகிறது, 1982-இல் முடித்தார்கள். சுரங்கத்துக்காக. கம்பி தலைக்கு மேல் போகிற கிராமங்களில் விளக்கு இல்லை.

ஆசிரமத்து அறையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு இதைப் படித்துக்கொண்டிருந்தேன். அம்மா பூண்டு உரித்துக்கொண்டே இடிந்த வீட்டுப் படத்தைப் பார்த்தாள். எந்த ஊர் என்று கேட்டாள். ஆப்பிரிக்கா என்றேன். மண்ணுக்கு அடியில் விலை உயர்ந்த சாமான் இருப்பதால் மேலே இருப்பவர்களைக் கிளப்புகிறார்கள் என்றேன்.

"எவ்ளோ தூரத்துல வூடு குடுத்தாங்களாம்?"

ஊருக்கு ஓரத்தில் என்று சொன்னேன். தலையை ஆட்டினாள். "வேலை இந்தாண்டதானே?" என்றாள், உரித்த தோலை முறத்தில் தள்ளிவிட்டு.

நான் வளம், வளம் என்று மண்ணுக்கு அடியிலேயே தேடிக்கொண்டிருந்தேன். ஜங்புராவில் தோண்டினால் சாக்கடைதான் வரும். ஆனால் அந்தக் கரையிலிருந்து பத்து நிமிஷ நடையில் மூன்று கோட்டி, ஒரு பெரிய ஸ்டேஷன், கொஞ்ச தூரத்தில் ஒரு தமிழ்ப் பள்ளி, அவசரத்துக்கு எய்ம்ஸ் போகிற பஸ். அம்மாவுக்கு நிலம் கிடையாது, சேமிப்பு கிடையாது. அந்தப் பத்து நிமிஷம் இருந்தது. நரேலா வீட்டுக்கு 1,42,000 என்று விலை போட்டவர்கள் இதற்கு விலை போடவில்லை.

மறுபடி ஒரு பக்கம் எழுதினேன். அழிக்கவில்லை.

ஜூலை 1, செவ்வாய்

பள்ளி திறந்துவிட்டது. டெல்லித் தமிழ்க் கல்விக் கழகத்துக்கு நகரில் ஏழு பள்ளிகள். நரேலாவில் ஒன்றும் இல்லை. தம்பி மகள் லோதி எஸ்டேட் பள்ளிக்கே போகிறாள், ஆசிரமத்தில் இருப்பதால். அவள் வகுப்பில் கேம்புப் பிள்ளைகள் சிலர் வரவில்லை. நரேலா போனவர்கள் அங்கேயே இந்திப் பள்ளியில் சேர்ந்திருப்பார்கள், அல்லது சேராமல் இருப்பார்கள். டீச்சர் வருகைப் பதிவில் பெயரைக் கூப்பிட்டுவிட்டு நிறுத்தி நிறுத்திப் போனாராம். "யாருமே சிரிக்கல அத்தை" என்றாள்.

ஜூலை 9

அம்மா இரண்டு நாள் நரேலாவில் தங்கி அங்கிருந்து வேலைக்கு வந்து பார்த்தாள். இரண்டாவது நாள் மூன்றாவது கோட்டி போய்விட்டது. நேரத்துக்கு வருகிற ஆளைப் பார்த்துக்கொண்டார்கள்.

ஜூலை 27, ஞாயிறு

தம்பிக்கும் எனக்கும் சண்டை. ஃபிளாட்டை விட்டுவிடலாம் என்கிறான். விற்கவும் கூடாது, வாடகைக்கு விடவும் கூடாது, பூட்டி வைத்திருந்தால் யாராவது வந்து கேட்பார்கள், தவணை மட்டும் கட்ட வேண்டும், இது சொத்தா என்கிறான். பிடித்துக்கொள்ளச் சொல்கிறேன் நான். மெட்ரோ வரும், பத்து வருஷத்தில் அங்கேயும் கோட்டி வரும். எனக்குச் சொல்வது சுலபம். மயூர் விஹாரில் எனக்குக் கதவுக்குப் பக்கத்திலேயே மெட்ரோ. தம்பி அதைச் சொல்லியும் காட்டினான்.

அவன் மனைவி இதுவரை வாயே திறக்காதவள், இன்றைக்குச் சொன்னாள்: "அத்தைக்கு அந்தக் குளியலறை வேணும். அதைக் கேட்டீங்களா ரெண்டு பேரும்?"

ஆகஸ்ட் 5

கட்டுரையை அனுப்பினேன். கோல்வேசி, இங்கா கம்பி, நெய்வேலி, கேம்ப். ஆசிரியர் உடனே பதில் போட்டார். நன்றாக இருக்கிறது, ஆனால் காங்கோ குறைச்சலாக இருக்கிறதே, நீங்கள் ஒப்புக்கொண்டது காங்கோதானே? தீர்வு என்று ஒரு பத்தி வேண்டும் என்கிறார். வெள்ளிக்கிழமைக்குள்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

தீர்வுப் பத்தி எழுத உட்கார்ந்தேன். போட்ஸ்வானா வைரத்தை ஓரளவு ஒழுங்காகப் பயன்படுத்தியது என்று ஆரம்பித்தால், காங்கோ ஏன் போட்ஸ்வானா இல்லை என்று விளக்க இன்னும் நாலு பக்கம் வேண்டும். குடிசை இருந்த இடத்திலேயே வீடு என்ற தேர்தல் வாக்குறுதியில் ஆரம்பித்தால் ஆசிரியர் வெட்டிவிடுவார்.

மத்தியானம் அம்மா வந்தாள், கையில் கடன் தவணைச் சீட்டோடு. என்னிடம் கொடுத்து எதில் என்ன தேதி என்று படிக்கச் சொன்னாள். படித்தேன். சனிக்கிழமை ராத்திரி நரேலா போய் ஞாயிறு முழுக்க இருந்து, திங்கள் விடியற்காலை முதல் பஸ்ஸில் நேராக வேலைக்கு வந்துவிடப் போகிறாளாம். வாரத்துக்கு இரண்டு ராத்திரி. அதற்கு இத்தனை பணமா என்று கேட்டேன்.

"குடுக்கலாம்" என்றாள். பிறகு, இரண்டாவது கோட்டி மேடம் மாதம் ஐந்நூறு கூட்டித் தர ஒத்துக்கொண்டிருக்கிறாள், எழுதி வாங்கவில்லை, அதைப் போன் மெசேஜில் கேட்டு வாங்கித் தரச் சொன்னாள், இந்தியில்.